‘ஒரு ரூபா வட்டி’க்குக் கால்குலேட்டரில் பெட்டி இல்லை

சேலத்தில் கைமாற்று பேசும்போது ‘12 சதவீதம்’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஒரு ரூபா வட்டி’ என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரருக்கும் கொண்டலாம்பட்டி தறிக்காரருக்கும் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை நடத்துகிறவருக்கும் வட்டி என்றால் இந்த அளவைதான். மொபைலில் திறக்கும் கடன் தவணைக் கால்குலேட்டர் கேட்பதோ ஆண்டுச் சதவீதம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெருக்கல்தானே என்று தோன்றும். அந்தப் பெருக்கலில்தான் பல குடும்பங்களின் பணம் போகிறது.

எங்கள் தெருவில் நான்கு தறி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், நூல் மூட்டையும் பாவும் ஏற்றிவரப் பழைய சரக்கு ஆட்டோ ஒன்றைப் பார்த்துவைத்திருந்தார். பைனான்ஸில் ஒரு லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருடம், ஒரு ரூபாய் வட்டி. மொபைலை என்னிடம் நீட்டி, “தம்பி, இதுல பன்னெண்டுன்னு போட்டாச் சரியா இருக்குமா?” என்று கேட்டார். அவரே போட்டும் பார்த்திருந்தார். ஒரு லட்சம், 12 சதவீதம், 36 மாதம். மாதத் தவணை 3,321 ரூபாய் என்று வந்தது. பைனான்ஸில் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டில் இருந்தது 3,778. “மிஷின் தப்பாச் சொல்லுதோ?” என்றார்.

மிஷினும் தப்புச் சொல்லவில்லை, பைனான்ஸ்காரரும் பொய் சொல்லவில்லை. பைனான்ஸ் கணக்கு இப்படி: ஒரு லட்சத்துக்கு மாதம் ஆயிரம் வட்டி, 36 மாதத்துக்கு 36,000. அசலோடு கூட்டினால் 1,36,000. அதை 36-ஆல் வகுத்தால் 3,778. இதற்குப் பெயர் பிளாட் வட்டி. கால்குலேட்டர் போடுவது குறையும் நிலுவைக்கு வட்டி. ஒவ்வொரு தவணையிலும் அசலில் கொஞ்சம் கழிகிறது. அடுத்த மாதம் மிச்சமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி. அந்த முறையில் மூன்று வருட வட்டி மொத்தமே ஏறக்குறைய 19,600 ரூபாய்தான்.

நம் ஊரின் ‘ஒரு ரூபா வட்டி’ பிறந்த இடம் கைமாற்று. ஒரு லட்சம் வாங்கினால் மாதாமாதம் ஆயிரம் வட்டி கட்டிவிட்டு, அசலை ஒரே தவணையில் திருப்பித் தருவது. அங்கே முழு அசலும் கடைசி நாள் வரை நம் கையில் இருக்கிறது. அதனால் அது நேர்மையான 12 சதவீதம். தவணைக் கடனில் அப்படி இல்லை. முதல் மாதமே அசலில் ஒரு பகுதி திரும்பிப் போகிறது. 18-ஆம் மாதம் ஏறத்தாழ பாதி அசல் நம்மிடம் இல்லை. வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சொல் பழைய சொல்தான், வேலை வேறாகிவிட்டது.

அண்ணனுக்கு நான் காட்டிய வழி எளிது. தொகையும் மாதமும் அப்படியே இருக்கட்டும். வட்டிப் பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். தவணை 3,778-ஐத் தொடும்போது நிறுத்துங்கள் என்றேன். 15, 18, 20 என்று தள்ளிக்கொண்டே போனார். 21.2-இல் நின்றது. பிறகு ஆவணச் செலவு என்று முன்கூட்டியே 3,000 பிடிப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது. கையில் வருவது 97,000 மட்டும் என்று தொகையைத் திருத்தினால், அதே தவணைக்கு வட்டி 23 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஏறக்குறைய இரண்டு ரூபாய் வட்டி. கால்குலேட்டரை இப்படித் தலைகீழாக ஓட்டுவதுதான் அதன் ஆகச் சிறந்த பயன் என்று நினைக்கிறேன். தவணை எவ்வளவு என்பதைக் கடன் கொடுப்பவரே சொல்லிவிடுகிறார். உண்மையான வட்டி என்ன என்பதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

இதைக் கடன் வாங்குகிறவர் தலையில் மட்டும் கட்டக்கூடாது என்றுதான் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. 2024 அக்டோபர் 1 முதல், வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபர்களுக்கும் சிறு குறு தொழில்களுக்கும் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்து, ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் செலவாகிறது என்று ஒரே எண்ணாக அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. ஆகவே, தமிழில் கேட்கலாம், கேட்க வேண்டும். அந்த எண்ணையும் நாம் தலைகீழாக ஓட்டி எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

பதிவே இல்லாத தினசரி வசூலுக்கு எந்த அறிக்கையும் கிடையாது. பத்தாயிரம் என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். “பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐநூறுதானே” என்று கேட்கும்போது 15 சதவீதமாகத் தெரியும். மாதத் தவணைக் கால்குலேட்டரில் இதைப் போட முடியாது. மொபைலில் உள்ள எக்செல் போன்ற அட்டவணைச் செயலியில் ‘ரேட்’ என்ற சூத்திரம் உண்டு. நூறு தவணை, தவணைக்கு நூறு, கையில் வந்தது 8,500 என்று கொடுத்தால், நாளுக்கு 0.33 சதவீதம் என்று வரும். 365-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 120 சதவீதம். நம் அளவையில் சொன்னால் பத்து ரூபாய் வட்டி. அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் காலை ஏழு மணிக்கு வசூல் வண்டி தெருவுக்குள் வருவது நிற்கவில்லை.

ஏலச்சீட்டுக்கும் இதே போலத்தான். தள்ளுபடி மாதாமாதம் மாறுவதால் சாதாரணக் கால்குலேட்டர் உதவாது. கட்டியதையும் எடுத்ததையும் மாத வரிசையில் எழுதி அதே செயலியில் வட்டியைக் கண்டுபிடித்துத் தரும் ‘ஐஆர்ஆர்’ சூத்திரத்தில் கொடுத்தால் போதும். சீட்டு நடத்துபவரின் கமிஷன் உச்சவரம்பு 2019 திருத்தத்துக்குப் பின் 5-இலிருந்து 7 சதவீதமாகிவிட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சீக்கிரம் எடுத்தவருக்குச் சீட்டு ஒரு கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. இரண்டுக்கும் ஒரே எண் வராது.

வீட்டுக் கடனுக்கு வருவோம். இங்கே சிக்கல் வேறு வகை. கால்குலேட்டர் ஒரு வட்டியைக் கேட்கிறது. அதை இருபது வருடமும் மாறாததாக வைத்துக் கணக்குப் போடுகிறது. வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தோடு, கட்டப்பட்டிருக்கின்றன. அந்த ரெப்போ 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. பத்தே மாதத்தில் இரண்டரை சதவீதம் ஏறியது.

அது என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 20 லட்சம், 6.7 சதவீதம், 20 வருடம். தவணை 15,148 ரூபாய். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிய பின் நிலுவை ஏறத்தாழ 18,98,000. இப்போது வட்டி 9.2 ஆகிறது. ஒரு மாத வட்டி மட்டுமே 14,552. தவணையை ஏற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால், அசலில் மாதம் அறுநூறு ரூபாய்கூடக் கழியாது. மிச்சம் 216 மாதம் இருந்த கடன் 424 மாதமாகிறது. பதினெட்டு வருடம் முப்பத்தைந்து வருடமாகிறது! காலத்தை மாற்றாமல் தவணையை ஏற்றினால் மாதம் சுமார் 18,000 கட்ட வேண்டும். மாதம் 2,900 ரூபாய் கூடுதல் கஷ்டமா, பதினேழு வருடம் கூடுதல் கடனா? இந்தக் கேள்வியைக் கடன் வாங்கும் நாளில் எந்தக் கால்குலேட்டரும் நம்மிடம் கேட்கவில்லை.

என் கடனிலும் இது நடந்தது. தவணை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் வேறு எதற்கோ கணக்கைத் திறந்தபோதுதான் கடைசித் தவணையின் வருடத்தைப் பார்த்தேன். என் பணி ஓய்வுக்கு அப்பால் போய் நின்றது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்கும் ஒழுங்கு கொண்டுவந்தது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று வாங்கியவரிடம் கேட்க வேண்டும். தவணை வட்டிக்கே போதாமல் அசல் வளரும் நிலைக்குக் காலத்தை நீட்டக்கூடாது. ஆனாலும் குறுஞ்செய்தியை நாம் படித்துப் பதில் சொன்னால்தான் உண்டு. அதனால் வீட்டுக் கடன் கணக்கை ஒரு தடவை போட்டு நிறுத்தாதீர்கள். இன்றைய வட்டியில் ஒரு தடவை, அதற்குமேல் இரண்டரை சதவீதம் கூட்டி இன்னொரு தடவை. இரண்டாவது எண்ணைப் பார்த்தும் தைரியம் இருந்தால் வாங்கலாம்.

சேமிப்புப் பக்கம் உள்ள கால்குலேட்டர்களில் எண்ணை நாம் போடுவதற்கு முன்பே யாரோ போட்டுவைத்திருக்கிறார்கள். மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவதைக் கணக்குப் பார்க்கும் எஸ்ஐபி கால்குலேட்டரைத் திறந்தால் வருமானப் பெட்டியில் பல இடங்களில் 12 என்று தயாராக இருக்கும். மாதம் 5,000, இருபது வருடம், 12 சதவீதம் என்றால் ஏறக்குறைய 50 லட்சம். அதே பெட்டியில் 10 போட்டுப் பாருங்கள்; 38 லட்சம் சில்லறை. இரண்டு சதவீதத்துக்கு 12 லட்சம் வித்தியாசம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்று வைத்தால், இருபது வருடம் கழித்து வரும் அந்த 50 லட்சத்தின் வாங்கும் சக்தி இன்றைய பதினைந்தரை லட்சம்தான். வரி வேறு, பங்குச் சந்தை நிதியின் நீண்டகால லாபத்தில் 1,25,000-க்கு மேல் 12.5 சதவீதம் என்பது 2024 ஜூலை முதல் நடப்பு. திரையில் ஏறும் அந்த அழகான பச்சைக் கோடு போலச் சந்தை ஏறுவதும் கிடையாது. 2008-இல் பங்குச் சந்தைக் குறியீடான நிப்டி பாதிக்கு மேல் விழுந்தது. மறு ஆண்டு 75 சதவீதம் எழுந்தது. மகள் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய வருடம் இந்த இரண்டில் எதில் விழும் என்பதைக் கோடு சொல்வதில்லை.

நகைச் சீட்டு நம் ஊர்ப் பெண்கள் நன்றாகக் கணக்குப் பார்க்கும் விஷயம். மாதம் 5,000 வீதம் 11 மாதம் கட்டினால், பன்னிரண்டாம் தவணையைக் கடைக்காரர் போடுவார். முன்பணம் 365 நாளுக்குமேல் போனால் அது வைப்புத்தொகை விதிகளுக்குள் வந்துவிடும் என்பதால்தான் திட்டங்கள் 11 மாதத்தில் நிற்கின்றன. ஒரு வருடத்தில் 55,000 போட்டு 60,000-க்கு நகை எடுத்தால், நம் பணம் அங்கே சராசரியாக இருந்த ஏழு மாதத்துக்குக் கணக்கிட்டு ஆண்டுக்குப் பதினைந்தரை சதவீதம் வருகிறது. பிரமாதமான எண். அந்தக் கடையின் சேதாரம் பக்கத்துக் கடையைவிட நான்கு சதவீதம் அதிகம் என்றால் பாதி லாபம் அங்கேயே கரைந்துவிடும். சேதாரத்துக்கு எந்தக் கால்குலேட்டரிலும் பெட்டியைக் காணோம்.

இல்லாத பெட்டிகளில் எல்லாம் பெரியது ஒன்று உண்டு. கால்குலேட்டருக்கு மாதங்கள் பன்னிரண்டும் ஒரே மாதிரி. முதல் தேதி சம்பளம் வரும், ஐந்தாம் தேதி தவணை போகும். இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு வருமானம் அப்படி வருகிறது? தறியில் கூலி வாரக் கணக்கு. ஆடிப் பண்டிகைக்குத் தறி நின்றால் அந்த வாரம் கூலி இல்லை. வெள்ளி விலை தாவும்போது கொலுசு ஆர்டர் சுருங்கும். பட்டறையில் விளக்கு எரியாது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டவருக்கு ஒரு வருடத்துக்கு ஒரே வெட்டு. அதுவும் மாவுச்சத்துப் பாயின்ட் எத்தனை, அன்றைக்கு என்ன விலை என்பதைப் பொறுத்தது.

மலைக்கு மேலே போனால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஏற்காட்டில் ஒன்றிரண்டு ஏக்கர் காப்பி வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பழம் எடுப்பது நவம்பர், டிசம்பர், ஜனவரி. அடுத்து, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. பிறகு மார்ச், ஏப்ரலில் பூ மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பது. மழை சரியான நேரத்தில் விழுந்தால் அடுத்த விளைச்சலுக்கான பூ. தப்பினால் அடுத்த வருட வருமானத்திலேயே குறை. ஜூனிலும் ஜூலையிலும் செலவு மட்டும்தான். இவர்களிடம் ‘மாத வருமானம்’ என்று ஒரு பெட்டி கேட்டால், வருட வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் போடுவார்கள். வேறென்ன செய்வார்கள்? விடை கூட்டல் கழித்தல் பிசகாமல் வரும். ஆனால் அவர்கள் வாழாத ஒரு வாழ்க்கைக்கான விடை அது. விவசாயிகளுக்குக் கிசான் கிரெடிட் கார்டு போல விளைச்சலை ஒட்டித் திருப்பிக் கட்டும் கடன் இருப்பது இதனால்தான். 3 லட்சம் வரையான பயிர்க் கடனுக்கு 7 சதவீதம், தவறாமல் கட்டினால் 4 சதவீதம். அது கிடைக்கும் இடத்தில் மாதத் தவணைக் கடனைத் தேடிப் போவது வீண்.

எங்கள் தெரு அண்ணன் அடுத்த முறை வந்தது மாடி கட்டுவதற்கு. பத்து லட்சம், 9 சதவீதம். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டே வந்திருந்தார். 15 வருடம் என்றால் தவணை 10,143; 20 வருடம் என்றால் 8,997. மாதம் 1,146 அதிகம் கட்டினால் மொத்த வட்டியில் 3,33,000 ரூபாய் மிச்சம் என்று திரையில் பெரிதாகக் காட்டியது. “பதினஞ்சே போட்டுடலாம்ங்களா தம்பி?” என்றார்.

மாதச் சம்பளக்காரராக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். ஒரு காகிதத்தில் தையிலிருந்து மார்கழி வரை பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதச் சொன்னேன். போன வருடம் அந்தந்த மாதம் கைக்கு வந்த கூலி, வீட்டுச் செலவு, ஆட்டோத் தவணை. அண்ணி உள்ளேயிருந்து நோட்டை எடுத்துவந்து எண்களைச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பத்து மாதம் 10,143 தாங்கியது. இரண்டு மாதத்தில் துண்டு விழுந்தது. அந்த இரண்டு மாதம் போன வருடம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, தினசரி வசூலில் வாங்கினோம் என்றார். 9 சதவீதக் கடனின் தவணையைக் கட்ட 120 சதவீதக் கடன். 3,33,000 மிச்சம் என்ற எண்ணுக்குள் இந்தச் செலவு எங்கும் இல்லை.

20 வருடத்தையே எடுத்துக்கொண்டு, தீபாவளிச் சரக்கு போகும் நல்ல மாதங்களில் சேர்ந்ததிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை 14,000 ரூபாயை அசலில் கட்டினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தோம். 15 வருடத்தைத் தாண்டி ஓரிரு மாதத்தில் கடன் முடிகிறது. ஏறத்தாழ அதே மிச்சம்; மோசமான மாதத்தில் கட்டாயம் மட்டும் குறைவு. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. ஒன்றை மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும்: முன்கூட்டிக் கட்டும் பணத்துக்குத் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி.

அண்ணி அந்தக் காகிதத்தை வாங்கி, ஆடி, புரட்டாசி இரண்டு வரிகளுக்கும் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டார். இரண்டு மாதத் தவணையான 18,000 ரூபாயை முதலில் தபால் ஆபீஸ் கணக்கில் போட்டுவிட்டுத்தான் வங்கிக்குப் போவது என்று அங்கேயே முடிவு செய்தார்கள். கடன் விண்ணப்பம் மூன்று மாதம் தள்ளிப்போனது.